கருவியும் கைப்பழக்கமும்

குடத்திற்குக் காரணம் மூன்று என்பது சித்தாந்த நூல் பயின்றார் யாவரும் அறிந்ததொன்று. மண் முதற்காரணம், திரிகையும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் குடம் தோன்றாது. ஆயினும், திரிகை எத்துணை உயர்ந்த மரத்தாற் செய்யப்பட்டதாயினும், குயவன் கையின்றித் தானே சுழன்று குடம் வனைந்ததை யாண்டும் கண்டாரிலர். இசைக்கும் இவ்வளவையே பொருந்துவதாகும். நாதம் முதலாகவும், யாழ் குழல் முழவு முதலியன துணையாகவும், பயின்று கைவந்த பாணன் நிமித்தமாகவும் நிற்ப இசை பிறக்கின்றது. இவ்வுண்மை சொல்லுதற்கு எளிது. செயலில் மறக்கப்படுவதும் இதுவே.

இந்நாளில் இசை பயிலப் புகுவோர் பலர், நல்ல கருவி வாய்த்துவிடின் நல்ல இசை தானே வரும் என்று கருதுகின்றனர். நரம்பு இசைவுறச் சேர்க்கக் கல்லாத சிறுவனுக்கு விலையுயர்ந்த வீணை வாங்கப்படுகின்றது. ஓராண்டு கழிவதற்குள் அவ்வீணை உறையிட்டபடியே சுவரிற் சாய்ந்து கிடக்கின்றது. மற்றொருபுறம், கருவியைப் பேணுதல் வீண் செலவு என்றும், உள்ளத்து அன்பொன்றே போதும் என்றும் கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றுள் உண்மை யாது என்பதை வெறும் வாதத்தால் முடித்தல் ஆகாது. நம் முன்னோர் எவ்வாறு ஒழுகினர் என்பதை வரலாற்றில் வைத்து ஆராய்தலே தக்கது. அதற்குச் செங்கற்பட்டும் மாமல்லபுரக் கடற்கரையும் உள்ளிட்ட தொண்டைநாட்டுப் பகுதியைப் போலச் சான்று மிகுந்த இடம் பிறிதொன்று காண்டல் அரிது.

பத்துப்பாட்டுள் யாழ்ப்பாணரை ஆற்றுப்படுத்தும் பாட்டுக்கள் இரண்டு. சிறிய யாழ் உடைய பாணனை நோக்கியது சிறுபாணாற்றுப்படை. பெரிய யாழ் உடைய பாணனை நோக்கியது பெரும்பாணாற்றுப்படை. இவற்றுள் முன்னதைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவ்விடைக்கழிநாடு, மாமல்லபுரத்திற்குத் தெற்கே, இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில், கடலை அடுத்து அப்பெயராலேயே விளங்குகின்றது. அப்பாட்டின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பின்னதைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அதன் தலைவன் கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அதனுட் கூறப்படும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் மாமல்லபுரமே என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். ஆகவே, யாழைத் தோளிற் சுமந்து பாணர் நடந்த பெருவழி இந்நாட்டின் ஊடே சென்றது எனல் தகும்.

இப்பாட்டுக்களை நோக்குவார்க்கு இரண்டு செய்திகள் புலனாகும். முதலாவது, யாழின் உறுப்புக்களைப் புலவர் ஒவ்வொன்றாக எடுத்து, உவமை கூட்டி, அன்போடு வருணித்தலாகும். பத்தர், அதன்மேற் போர்த்த தோல், கோடு, நரம்பு ஆகிய எல்லாம் ஆண்டுப் பேசப்படுகின்றன. சிறுபாணன் இல்லத்து அடுக்களையிற் காளான் பூத்திருந்தது. அவன் மனையோர் உப்பும் பெறாது கீரையை வேகவைத்து, பிறர் காணாவண்ணம் கதவடைத்து உண்டனர். அத்தகைய வறுமையிலும் அவன் யாழ் பழுதுறவில்லை. உணவு குறைந்த காலத்தும் கருவியைப் பேணுதலிற் குறைவு செய்யாமை அக்குடியின் ஒழுக்கமாயிருந்தது.

இரண்டாவது செய்தி, புரவலர் அளித்த பரிசில் பற்றியது. வயிறார உணவும், நல்லுடையும், பொற்றாமரைப் பூவும், குதிரை பூட்டிய தேரும் அப்பாட்டுக்களிற் பரிசிலாகப் பேசப்படுகின்றன. புதியதோர் யாழ் ஆண்டுப் பரிசிலாகக் கூறப்படவில்லை. ஏன் எனின், பாணன் கையில் உள்ள யாழ் அவன் பயின்ற யாழ். அதன் நரம்பின் இயல்பு அவன் விரலுக்குத் தெரியும். அவனுக்கு வேண்டுவது அவ்யாழைத் தொடர்ந்து பயிலுதற்கு உரிய வாழ்வே. அவ்வாழ்வையே புரவலர் அளித்தனர். பொருளுடையார் இசையை வளர்க்கும் முறை அக்காலத்து இதுவாயிருந்தது.

இனிப் பல்லவர் காலத்தை நோக்குவோம். முதல் மகேந்திரவர்மன் ஏறத்தாழக் கி. பி. 590 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து ஆண்டவன். சமணம் சார்ந்திருந்து திருநாவுக்கரசு சுவாமிகளாற் சைவம் புகுந்தவன் எனப் பெரியபுராணத்தின்வழி அறியப்படுபவன். செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில், அவனுக்கு அடங்கிய வசந்தப்பிரியரசன் மகன் கந்தசேனன் குடைவித்த குகைக்கோயில் இன்றும் உளது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டில் மகேந்திரனுடைய சிறப்புப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கோயில், ஓவியம், நாடகம், இசை ஆகிய பல கலைகளிலும் அவன் ஈடுபட்டவன். மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகை நாடகம் அவன் இயற்றியது.

புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள குடுமியான்மலையில் இசைபற்றிய பெருங் கல்வெட்டு ஒன்று உளது. உருத்திராசாரியருக்கு மாணாக்கனும், பரம மாகேசுவரனும் ஆகிய அரசன் ஒருவன் மாணாக்கர் நலங்கருதி இதனைச் செய்தான் என அதன் இறுதிப் பகுதி கூறும். அவ்வரசன் மகேந்திரனே என்பது நெடுங்காலமாக வழங்கிய கொள்கை. அரசன் பெயர் அதிற் குறிக்கப்படாமையாலும் பிற காரணங்களாலும் பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் இதனை மறுத்துள்ளனர். அரசன் யாவனாயினும், கல்வெட்டின் பொருள் ஐயத்திற்கு இடமின்றி விளங்குகின்றது. ஏழு பகுதிகளாகவும், 38 வரிகளாகவும், நான்கு நான்கு சுரங்களாகக் கூட்டப்பட்ட கோவைகள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஏழு பகுதிகளும் ஏழு பழைய இராகங்களுக்கு உரியன. ஒவ்வொரு சுர எழுத்தும் அகரம், இகரம், உகரம், எகரம் என உயிர் மாற்றி எழுதப்பட்டிருத்தலும் நோக்கத்தக்கது. இவை எட்டிற்கும் ஏழிற்கும் உரியவை எனப் பொருள்படும் தமிழ்த்தொடர் ஒன்று ஈற்றிற் காணப்படும். அருகே 'பரிவாதினி' என்னும் பெயரும் வெட்டப்பட்டுள்ளது. பரிவாதினி என்பது ஏழு நரம்புடைய வீணை.

இதன்கண் சிந்திக்கற்பாலது ஒன்று உண்டு. அவ்வரசனுக்குப் பொருட்குறை இல்லை. உயர்ந்த மரமும், தந்தமும், பொன்னும் கொண்டு நூறு வீணைகள் செய்வித்து மாணாக்கர்க்கு வழங்க அவனால் இயலும். வழங்கியிருப்பினும் இருக்கலாம், அவ்வீணைகளில் ஒன்றேனும் இன்று இல்லை. மரம் உளுத்தது, நரம்பு அற்றது. அழியாமற் காக்கவேண்டும் என்று அவன் கருதிக் கல்லிற் பொறித்தது வீணையின் அளவன்று, அலங்காரமன்று. மாணாக்கன் நாடோறும் விரலிற் பழக்கவேண்டிய சுரக்கோவையே. பயிற்சியே கலையின் உயிர் என்பதற்கு அரசன் ஒருவன் எழுதிவைத்த சாசனமாக அதனைக் கொள்ளுதல் பிழையாகாது.

மாமல்லபுரக் கடற்கரையில் இக்கருத்துக்கு மற்றுமொரு சான்று உளது. ஊருக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், புலிக்குகையின் அண்மையில், அதிரணசண்ட மண்டபம் என்னும் குகைக்கோயில் கடலை நோக்கி நிற்கின்றது. அதிலுள்ள வடமொழிச் சாசனம் ஒருபுறம் கிரந்த எழுத்திலும் மற்றொருபுறம் நாகரி எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. இதனை ஏறத்தாழ 700 முதல் 728 வரை ஆண்ட இராசசிம்ம பல்லவனுடையதாக அறிஞர் பலர் கொள்வர். அச்சாசனத்துச் செய்யுள் ஒன்று, காலகாலன் என்னும் அம்மன்னனுடைய இசையை அறிதற்குப் பிரமன், பரதன், அரி, நாரதன், கந்தன் என்போரன்றி வேறு யார் வல்லவர் என்னும் கருத்தினது. அவ்வரசன் காஞ்சியில் எடுப்பித்த கைலாசநாதர் கோயிற் கல்வெட்டுக்களில் 'வீணா நாரதன்', 'ஆதோத்திய தும்புரு' என்னும் பட்டங்கள் காணப்படுகின்றன. நாரதனுடைய வீணையை உடையவன் என்றல்ல, வீணையில் நாரதனே போன்றவன் என்றே அவன் புகழ் விரும்பினான். அரசர் புகழ்ச்சியில் மிகை இருத்தல் இயல்பு. ஆயினும், ஒருவன் எதனாற் புகழப்பட விரும்பினான் என்பதிலிருந்து அக்காலம் எதனை மதித்தது என்பது வெளிப்படும். அக்காலம் வன்மையை மதித்தது, உடைமையை அன்று.

இசைக்கருவிக்கும் இசைக்கும் உள்ள தொடர்பைச் சேக்கிழார் சுவாமிகள் ஆராய்ந்து காட்டியதுபோல வேறொருவர் காட்டியதில்லை எனலாம். அவர் அவதரித்த குன்றத்தூர், 1997 இற் பிரிக்கப்படுவதற்கு முன் இருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் அருளிய பெரியபுராணத்தில் இப்பொருள்பற்றி நான்கு நிகழ்ச்சிகள் உள.

முதலாவது, திருக்கோலக்காவில் நிகழ்ந்தது. ஆளுடைய பிள்ளையார் இளங் குழவியாய்த் தம் திருக்கைகளாலே தாளமிட்டுப் பாடினார். பாடுதல் முன்னர், கருவி பின்னர். கை நோவுதல் கண்டு இரங்கிய இறைவன் பொற்றாளம் ஈந்தருளினான். அத்தலத்து அம்மைக்கு 'ஓசை கொடுத்த நாயகி' என்னும் திருநாமம் வழங்குகின்றது. பொற்றாளத்திற்கு ஓசை அளித்தவள் அவளே என்பது தலவரலாறு. இதிற் பொருளியல்பும் பொருந்தியுள்ளது. பொன் விலையால் உயர்ந்தது. ஆயினும் மென்மையுடையது, தட்டினால் நெடிது ஒலியாது. தாளத்திற்கு ஏற்றது செம்பும் வெள்ளீயமும் ஏறத்தாழ நான்குக்கு ஒன்றாகக் கலந்த வெண்கலமே. விலையின் உயர்வு வேறு, ஓசையின் உயர்வு வேறு என்பதை இத்தல வரலாறு குறிப்பால் உணர்த்துகின்றது.

இரண்டாவது, ஆனாய நாயனார் சரிதம். அவர் ஆயர்; ஆனிரை மேய்ப்பவர். அவர் கருவி காட்டு மூங்கில். அம்மூங்கிலை நூல்முறைப்படி தேர்ந்து, அளவறிந்து அரிந்து, துளையிட்ட திறத்தைச் சேக்கிழார் விரிவாகவே உரைக்கின்றார். எனவே, எளிய கருவி என்பது குறைபாடுடைய கருவி என்று பொருள்படாது. விலையில்லாத மூங்கிலாயினும், துளையின் இடைவெளி பிழைபடின் சுரம் பிழைபடும். பயில்வோன் செவியும் அதனோடு பிழைபடும். ஆதலாற் பயிற்சி தொடங்குவார்க்குக் கருவியில் இன்றியமையாதது சுருதியின் நேர்மை ஒன்றே. அதற்கு மேற்பட்ட அழகும் விலையும் பின்னர் வருவன. ஆனாயர் திருவைந்தெழுத்தைக் குழலில் அமைத்து ஊத, ஆவும் கன்றும் மயிலும் பாம்பும் பகைமறந்து நின்றன என்பது சரிதம். அவை மூங்கிலின் விலைகேட்டு நிற்கவில்லை.

மூன்றாவதும் நான்காவதும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் சரிதத்தைச் சார்ந்தவை. அவர் திருவெருக்கத்தம்புலியூரிற் பிறந்து, பிள்ளையார் அருளிய பதிகங்களை யாழில் இட்டு உடன் சென்றவர். திருக்கழுக்குன்றமும், செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள திருவிடைச்சுரமும் பிள்ளையார் பதிகம் பெற்ற தலங்கள். பாணர் அவரைப் பிரியாது சென்றவராதலின், இக்குன்றுகளின் அடியிலும் அவ்யாழின் ஒலி எழுந்தது என்று கொள்ளுதல் புராணத்திற்கு இயைந்ததே.

அப்பாணர் பிள்ளையாரை அடைதற்கு முன் மதுரைத் திருவாலவாயிற் சென்று தரையில் நின்று யாழ் வாசித்தார். நிலத்தின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்புக் கட்டுத் தளரும்; ஆதலாற் பொற்பலகை இடுக என்று அசரீரி எழுந்தது. நரம்புக் கருவிக்குக் குளிரும் ஈரமும் பகை என்பதைச் சங்கப் புலவரும் அறிவர். வாடைக் காலத்தில் யாழ் நரம்பு திரிந்து இசைக்கு உடன்படாமையை நெடுநல்வாடை கூறுகின்றது. கடற்காற்றில் ஈரம் மிகுந்த மாமல்லபுரத்தில் வீணை வைத்திருப்பார் இதனை நாடோறும் அறிவர். எனவே, கருவியைப் பேணுதல் அற்பச் செயல் அன்று. இறைவன் திருவுள்ளத்தே இடம்பெற்ற செயல். கருவி வேண்டா, அன்பொன்றே அமையும் என்பார் இந்நிகழ்ச்சியை நினைத்தல் வேண்டும். ஆயினும், பலகை யாருக்கு இடப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. வாசிக்க வல்ல பாணருக்கே, அவர் வாசித்த பின்னரே அது இடப்பட்டது. பலகை பெற்றுப் பின்னர் அவர் வல்லவர் ஆனாரல்லர்.

நான்காவது நிகழ்ச்சி திருத்தருமபுரத்தில் நிகழ்ந்தது. அது பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த சுற்றத்தார், பாணர் யாழில் இட்டு வாசிப்பதனாலேயே பிள்ளையாரின் திருப்பதிகங்கள் உலகெங்கும் பரவுகின்றன என்று மகிழ்ந்து கூறினர். கருவியே பாட்டுக்குப் பெருமை தந்தது என்னும் எண்ணம் அது. கேட்ட பாணர் உளம் நடுங்கிப் பிள்ளையாரை வணங்கி, யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடி, இவர்கள் உண்மை உணர அருளல் வேண்டும் என்று விண்ணப்பித்தார். பிள்ளையார் பாடியருளினார். பாணர் யாழ் நரம்பில் அவ்விசை அடங்கவில்லை. இக்கருவியைத் தொட்டதனாலன்றோ இந்நிலை வந்தது என்று அவர் யாழை முறிக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கி, இறைவன் திருவருட் பெருமை இக்கருவியில் அடங்குமோ, அடங்கிய அளவில் வாசிப்பீராக என்று திருவாய் மலர்ந்து, மீளவும் அவர் கையிற் கொடுத்தருளினார்.

இச்சரிதத்தைக் கருவியை இகழ்வதாகக் கொள்ளுதல் தவறு. யாழை முறியாமற் காத்தவர் பிள்ளையாரே. சுற்றத்தார் பிழை, துணைக்காரணத்தை நிமித்த காரணமாகக் கருதியது. பாணர் பிழை, துணைக்காரணம் முழுதும் வேண்டா என்று துணிந்தது. இரண்டனையும் விலக்கி, கருவியை அதற்குரிய இடத்தில் நிறுத்தியது பிள்ளையார் செயல். இன்று கருவிக் கடையில் நின்று மயங்குவார்க்கும், கருவியைப் பேணாது அன்பு பேசுவார்க்கும் இவ்வொரு சரிதமே விடையாகும்.

சோழப் பேரரசர் தம் அறக்கட்டளைகளிலும் இந்நெறியே நின்றது. தஞ்சைப் பெருங்கோயிலில் முதல் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் ஏற்படுத்தினான். ஐம்பதின்மருக்கும் ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல் அளக்கப்பட்டது. பாடுவார் நாற்பத்தெண்மர்க்குத் துணைக்கருவி இரண்டே என்பது ஒன்று. மற்றொன்று இதனினும் சிறந்தது. இவர்களுள் ஒருவர் இறப்பினும் வேற்றூர் சென்றாலும் அவருக்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடுதல் வேண்டும். அவ்வுறவினர் தகுதியில்லாதவராயின், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவித்தல் வேண்டும் என்பது அச்சாசனத்தின் விதி. பரம்பரை உரிமை மதிக்கப்பட்ட காலத்திலும், பயிற்சியில்லாதவன் வாய்க்கு இடம் இல்லை என்று கல்லில் எழுதப்பட்டது. அரசன் பொருள் கருவியின்பாற் செல்லாது, கற்றவனுடைய நாள் உணவின்பாற் சென்றது.

இந்நெறியின் பயன் பின்னர் விளங்கிற்று. யாழ் இடைக்காலத்திற் படிப்படியாக வழக்கு வீழ்ந்தது. இருபத்தொரு நரம்புடைய பேரியாழும், பதினான்கு நரம்புடைய சகோடயாழும், ஏழு நரம்புடைய செங்கோட்டியாழும் உரையாசிரியர் ஏட்டிற் பெயராக மட்டும் எஞ்சின. யாழே இசை என்று நம்மவர் கருதியிருப்பின், யாழோடு தேவாரப் பண்ணும் மறைந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. திருமுறை கண்ட புராணம், நம்பியாண்டார் நம்பிகள் காலத்தில் யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கொண்டு பதிகங்களுக்குப் பண் வகுக்கப்பட்டது எனக் கூறும். அவ்வம்மையாரிடம் இருந்த செல்வம் தலைமுறைதோறும் பயின்று வந்த மரபே. அதன் பின்னர் ஓதுவார் மூர்த்திகள் தம் மிடற்றையே கருவியாகக் கொண்டு, குருவின் முன் அமர்ந்து பலமுறை ஓதி ஓதிப் பண்ணைக் காத்தனர். கருவி போயிற்று, பயிற்சி நின்றது, பண்ணும் நின்றது.

இதன் மறுதலையையும் கூறுதல் நடுநிலை. கருவி மறைந்தமையால் இழப்பு உண்டாகாமல் இல்லை. பழைய பாலை நிலைகள் யாவை, நரம்புகள் எவ்வளவில் நின்றன என்பவற்றில் ஆராய்ச்சியாளர் இன்றும் வேறுபடுகின்றனர். இக்குறையை நீக்கவே ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு கணித்து ஆராய்ந்து 'யாழ் நூல்' இயற்றினார். அது கரந்தைத் தமிழ்ச்சங்க ஆதரவில் 1947 ஆம் ஆண்டு சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் இறைவனடி சேர்ந்தார். அவர் ஆராய்ச்சியால் யாழின் வடிவும் அளவும் மீண்டும் தெரியவந்தன. இந்நாளிலும் யாழைப் புதிதாகச் செய்து வாசிக்க முயல்வோர் உளர். அவர் முயற்சி போற்றத்தக்கது. ஆயினும், மரத்தில் யாழை மீட்பது சில திங்களில் முடியும். அதனை வாசிக்கும் பாணர் மரபை மீட்பதற்குத் தலைமுறைகள் வேண்டும். அறுந்த பயிற்சி எளிதில் மீளாது.

அயல்நாட்டுக் கருவி ஒன்று இந்நாட்டிற் புகுந்த வரலாறும் இதற்குச் சான்றாகும். முத்துசாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசாமி தீட்சிதர் (1786–1859), சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் அவ்வூர் முதலியார் குடும்பத்தினர் ஆதரவில் இருந்தபோது, ஐரோப்பிய இசைஞர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனை நம் இசைக்கு ஆக்கினார். வயலின் உருவம் மாறவில்லை. மரமும் வில்லும் அவையே. மாறியது தந்திகளைச் சுருதி சேர்க்கும் முறை, தரையில் அமர்ந்து மார்பிற்கும் காலிற்கும் இடையே பிடிக்கும் முறை, கமகத்திற்கு ஏற்ப விரலை வழுக்கிச் செலுத்தும் முறை ஆகியவையே. மேனாட்டார் கையில் மேனாட்டிசை பாடிய கருவி, பயிற்சி மாறிய அளவில் தமிழ்நாட்டுக் கருவியாயிற்று.

அங்ஙனமாயின், கருவியைத் திருத்துதலாற் பயன் இல்லையோ எனின், உண்டு என்பதே விடை. திருக்கோயில் மங்கல இசையாகிய நாகசுரத்தில் அது நன்கு விளங்கியது. முன்னாளில் வழங்கிய திமிரி நாகசுரம் குட்டையானது, உரத்த சுருதியுடையது; அதிற் சுத்த மத்திமம் செவ்வனே பேசாது. வாசிப்பவர் சீவாளியின்மேல் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அக்குறையை மறைத்து வந்தனர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தை வழக்கிற்குக் கொண்டுவந்தார். அவர் விருப்பிற்கிணங்க நரசிங்கம்பேட்டை இரங்கநாத ஆசாரியார் பல முறை துளைகளின் இடத்தை ஆய்ந்து, 1955 இற் சுத்த மத்திமம் தெளிவாகப் பேசும் நாகசுரத்தைச் செய்தளித்தார். இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது அவ்வகையே. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022 இற் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வரலாறு கருவியின் ஏற்றத்தைக் காட்டுகின்றது. பயிற்சியின் ஏற்றத்தை அதனினும் மிகுத்துக் காட்டுகின்றது. சுத்த மத்திமத்தில் உள்ள குறையைக் கண்டது யார்? வாழ்நாள் முழுதும் அக்கருவியை வாசித்த செவியே கண்டது. பயிலாதவனுக்குக் கருவியின் குறை தெரியாது. ஆதலால் அவன் விலையை நோக்குகின்றான். பயின்றவனுக்குக் குறை தெரியும். ஆதலால் அவன் ஆசாரியை நாடுகின்றான். நல்ல கருவி பயிற்சியின் வேண்டுகோளாற் பிறப்பது. பயிற்சி கருவியை வாங்குவதாற் பிறப்பதில்லை. இவ்வரிசை மாறும் இடத்திலேயே பொருளும் காலமும் வீணாகின்றன.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் பலவற்றில் இன்று பூசைக் காலத்தில் முரசும் மணியும் தாளமும் மின்விசையாற் றாமே ஒலிக்கும் இயந்திரம் வைக்கப்பட்டுள்ளது. அன்பர் ஒருவர் அன்போடு வாங்கி அளித்த காணிக்கை அது. அவர் அன்பில் ஐயமில்லை. ஆனால், அவ்வியந்திரம் ஒலிக்கும் இடத்தில் மேளகாரர் நிற்பதில்லை. மேளகாரர் நில்லாத கோயிலில் அவர் மகன் தவிலைத் தொடுவதில்லை. பதிகம் பதிவுக் கருவியில் ஒலிக்கும் இடத்தில் ஓதுவார்க்குப் படியளப்பார் இலர். கருவி வாங்கப்பட்டது, பயிற்சி கைவிடப்பட்டது. யாழ் மறைந்தபோது மிடறு இருந்தது. மிடறும் மறையுமாயின் எஞ்சுவது யாது?

வல்லத்துக் குகையிலும், சாளுவன்குப்பத்துப் பாறையிலும், தஞ்சைப் பெருங்கோயிற் சுவரிலும் நம் முன்னோர் விட்டுச் சென்ற வழி தெளிவாக உளது. இசைக்குப் பொருள் ஈய எண்ணும் அன்பர், முதற்கண் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் நாள் உணவை ஈதல் வேண்டும். அடுத்து, சுருதி நேரிய எளிய கருவியைப் பயில்வோர் கையிற் கொடுத்தல் வேண்டும். அக்கருவி ஈரம் தாக்காமலும் பழுதுறாமலும் காக்கப் பலகையும் உறையும் அமைத்தல் வேண்டும். உயர்ந்த கருவியைப் பயின்றவன் கேட்கும்போது அளித்தல் வேண்டும். சிறுவர்க்கு வீணை வாங்கும் பெற்றோர், வாங்கிய நாளை விழாவாகக் கொள்ளாது, ஆசிரியர் முன் அமர்ந்து பயிலும் நாள்களை எண்ணுதல் நன்று. ஊர்க்கோயிலில் ஒரு காலத்துப் பூசைக்கேனும் ஓதுவார் ஒருவரும் மேளகாரர் இருவரும் நின்று வாசிக்க வழிசெய்யின், அவ்வியந்திரத்தின் விலையினும் அது பெருஞ்செலவாகலாம். ஆயினும் அச்செலவே அடுத்த தலைமுறைக்கு இசையைக் கொண்டு சேர்க்கும்.